முகம் தெரிகிற டேலியா

"என்ன இது?" என்றுதான் அப்பா ஆரம்பித்தார்.

"பூ," என்றாள் அத்தை.

"பூவா? சொறி பிடிச்ச மாதிரி இருக்கு."

"உன் கண்ணுக்கு அதுதான் தெரியும்."

"பட்டி வெச்சுட்டுத் தேய்க்காம விட்ட கதவு மாதிரி இருக்குடி. நான் உனக்குச் சொல்லிக்குடுத்த வேலையா இது?"

"நீ சொல்லிக்குடுத்த வேலை அதோ நிக்குது, கறுப்பு வண்டி. அதைப் போய்ப் பாரு. இது நான் பாக்குற வேலை."

"சிவப்புப் பூவுல பச்சை எங்கேருந்து வந்தது?"

"வந்தது."

"நிழலுக்கு ஊதா போட்டிருக்க. நிழல் எங்கயாவது ஊதாவா இருக்குமா?"

"தள்ளிப் போய் நில்லு, சொல்றேன்."

"என்னது?"

"அந்தக் கம்ப்ரஸர் பக்கத்துல போய் நில்லு. அங்கேருந்து பாத்தா பூ தெரியும். இங்க நின்னா பெயின்ட்தான் தெரியும்."

"என் பட்டறையில என்னையே தள்ளிப் போகச் சொல்றியா? நல்ல வேலைன்னா மூக்கை வெச்சுப் பாத்தாலும் நல்லாருக்கணும். தள்ளி நின்னா எருமைகூடத்தான் யானையாத் தெரியும்."

"நீ எவ்வளவு தள்ளி நின்னாலும் எருமையாத்தான் தெரியிற, அண்ணே."

அதோடு பேச்சு முடிந்தது. பூவைப் பார்ப்பதற்காக அப்பா ஓரடிகூடத் தள்ளிப் போகவில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே போய்க் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டார். அது போடுகிற சத்தத்தில் அதற்குமேல் யார் எதைச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது.

சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறை வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் அப்பாவின் ஒரே மகள். அத்தை அவளுக்கு வைத்த பெயர் அழுத்தக்காரி. "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் வைத்த பெயர். அன்றும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடப் போகும் சாக்கில் கம்ப்ரஸர் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். அத்தை சொன்னது சரிதான். கிட்டத்தில் கந்தலாக இருந்தது அங்கிருந்து பூவாகக் கூடி நின்றது.

பட்டறைகள் வரிசையாக இருக்கிற அந்தத் தெருவில் அப்பாவுக்குக் 'கண்ணாடி' என்று பெயர். மூக்குக்கண்ணாடி போட்டவரில்லை. எங்கேயோ மோதி நசுங்கி வருகிற வண்டிக்கு அவர் பெயின்ட் அடித்து வெளியே விட்டால், சொந்தக்காரர் அதன் கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அதனால் வந்த பெயர். அத்தைக்குப் 'பட்டியக்கா' என்று பெயர். நசுங்கின தகட்டைத் தட்டி நிமிர்த்திய பிறகும் சின்னச் சின்னப் பள்ளங்கள் மிச்சமிருக்கும். அவற்றில் பட்டியைப் பூசிக் காயவிட்டு, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்குவது அத்தையின் வேலை. அதற்குமேல்தான் அப்பா பெயின்ட் அடிப்பார். பேர் அவருக்கு, பட்டித்தூள் அத்தையின் தலைமுடிக்கு.

அந்த வேலையைப் பற்றி அத்தை ஒரு தடவை சொன்னாள்: "நடந்தது எதுவும் நடக்கலன்னு ஆக்குறதுக்கு எனக்குச் சம்பளம்."

அவளும் அப்படி நசுங்கி வந்தவள்தான். கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று அப்பா கேட்கவில்லை. கேட்காமல் விட்டதையே பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் போனதும் பட்டி பூசுகிற தகட்டை அவள் கையில் கொடுத்து, "சும்மா உக்காந்திருந்தா மனசு கெட்டுப்போகும்" என்றார். அதையும் உபகாரத்திலேயே சேர்த்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவர் செய்கிற நல்லது எல்லாம் கேட்காமல் வந்து தலையில் உட்காரும். உட்கார்ந்த பிறகு இறங்காது. அத்தை வந்த நாள்முதல் இருவரும் எலியும் பூனையுமாகத்தான் இருந்தார்கள். இதில் யார் எலி, யார் பூனை என்பது அன்றன்றைக்கு மாறும்.

பூ வரையும் பைத்தியம் அத்தைக்குப் பிடித்தது ஒரு பல் மருத்துவரின் அறை வாசலில். கன்னம் வீங்கிப்போய்க் காத்திருந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. பூஞ்சாடி. வலியை மறக்க எழுந்து போய்ப் பார்த்தாள். கிட்டே போனால் ஒன்றுமில்லை, மஞ்சளும் நீலமும் திட்டுத்திட்டாக அப்பிக் கிடந்தன. பின்னால் வந்தால் பூ. மறுபடி கிட்டே போனாள், மறுபடி பின்னால் வந்தாள். கூடவே போயிருந்த அழுத்தக்காரிக்கு மானம் போனது. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் பல்வலியை மறந்துவிட்டு அத்தையையே பார்த்தார்கள். சீட்டுக் கொடுக்கும் பெண் எழுந்து வந்து, உட்காரும்படி கையைக் காட்டினாள்.

"இது எனக்குத் தெரியும்டீ," என்றாள் அத்தை, வீங்கின வாயோடு. "பழைய வண்டியைத் தேய்க்கிறப்ப வருமே, அது."

பழைய வண்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை பெயின்ட் ஏறியிருக்கும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது மேல் சிவப்பு கரைந்து நடுவில் ஒரு நீலத் தீவு எழும். அதற்குள் கொஞ்சம் மஞ்சள், அதற்கும் உள்ளே அடிப்பூச்சான பிரைமரின் சாம்பல் நிறம். அத்தைக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். அதற்குள் அப்பா பெயின்ட் துப்பாக்கியோடு பின்னால் வந்து நின்று, "தேச்சாச்சுன்னா நகரு" என்பார். ஒரே நிறம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

உடைந்த ஒரு பானெட்டிலிருந்து அத்தை சதுரமாக ஒரு தகட்டை வெட்டி எடுத்தாள். பிரைமர் அடித்தாள். தண்ணீரில் கரைகிற, சீக்கிரம் காய்கிற பெயின்ட் வாங்கினாள். தின்னர் டப்பாவைக் கழுவி, அதில் பூக்கடையில் கழித்துப்போட்ட பூக்களைச் செருகினாள். பட்டறையின் பின்பக்கம், கழற்றின கதவுகளைச் சாய்த்து வைக்கிற மூலையில் வெளிச்சம் நன்றாக விழும். அங்கே உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எந்த நிறத்தையும் எந்த நிறத்தோடும் கலப்பதில்லை. ஆரஞ்சுக்குச் சிவப்பையும் மஞ்சளையும் கலக்காமல், பக்கத்துப் பக்கத்தில் சின்னச் சின்ன இழுப்பாக வைப்பாள். வைத்த பிரஷை உடனே எடுத்துவிடுவாள், வைத்த இடத்துக்குத் திரும்பிப் போகமாட்டாள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷைத் துணியில் துடைப்பாள். இழுப்புகளுக்கு நடுவே அடியில் இருக்கும் சாம்பல் நிறம் அங்கங்கே எட்டிப் பார்க்கும், பார்க்கட்டும் என்று விட்டுவிடுவாள். "அதுங்க தனித்தனியா இருக்கட்டும். சேக்கிறது பாக்கிறவன் கண்ணோட வேலை" என்பாள்.

இதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பிரஷ் பட்ட தடம் தெரிந்தால் அவருக்கு ராத்தூக்கம் வராது. அவருடைய பட்டறைக்குள்ளேயே, அவர் வளர்த்த கையே, தடம் தடமாக ஒரு வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அத்தை பிரஷை எடுக்கிற நேரம் பார்த்து அவர் பெயின்ட் அடிக்க ஆரம்பிப்பார். காற்றில் பறக்கிற தூசி பெயின்ட் அவள் பூக்களின்மேல் படியும். அத்தை வாயால் ஒன்றும் சொல்லமாட்டாள். அடுத்த வாரம் ஏதாவது ஒரு கறுப்பு வண்டியின் கதவில், வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் தெரிகிற மாதிரி அவள் தேய்த்த பட்டியில் ஒரு மெல்லிய அலை இருக்கும். அப்பா அதைக் கண்டுபிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முழுக் கதவையும் திரும்பச் செய்வார். அவரும் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்.

வீட்டில் அம்மாவுக்கு வேறு கவலை. "என் பாத்திரம் கழுவுற தொட்டியில தினம் ஒரு கலர் ஓடுது. நேத்து ஊதா. என்னவோ ஏதோன்னு எனக்கு அடிவயிறு கலங்கிப்போச்சு."

"நல்லா கலங்கட்டும், அண்ணி. அப்பவாவது கலர் பாப்பீங்க," என்பாள் அத்தை.

இந்தச் சண்டைக்கு நடுவில் தூது போகிறவள் அழுத்தக்காரி. வீட்டிலும் பட்டறையிலும் பேசுவது ஒரு மொழி. பள்ளிக்கூடம், வங்கி, ஆஸ்பத்திரி, நூலகம் எல்லாம் இன்னொரு மொழி. இரண்டிலும் படித்தவள் வீட்டில் அவள் ஒருத்திதான். அதனால் வெளி வேலைக்கெல்லாம் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். போகப் போக வீட்டுக்குள்ளேயும் அவள்தான் மொழிபெயர்ப்பு. அப்பாவும் அத்தையும் நேருக்கு நேர் பேசாத நாட்களில், "அந்த இழவைத் தூக்கி ஓரமா வைக்கச் சொல்லு, இல்லன்னா வண்டிய ஏத்திடுவேன்" என்று அப்பா சொல்வார். அழுத்தக்காரி பின்பக்கம் போய், "அப்பாவுக்குக் கொஞ்சம் இடம் வேணுமாம், அத்தை" என்பாள்.

அத்தை அவளை ஏற இறங்கப் பார்ப்பாள். "உங்கப்பன் 'கொஞ்சம்'னு சொல்ற ஆளா? நீயும் எங்க ரத்தம்தான்டி. தேச்சு மழமழன்னு ஆக்கித்தான் குடுக்குற."

நூலக மாடியில் ஓவியர் சங்கம் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அழுத்தக்காரிதான். வருடத்துக்கு ஒருமுறை, சங்கத்தில் இல்லாதவர்களின் படங்களை அங்கே ஒரு மாதம் மாட்டி வைப்பார்கள். அவர்களில் ஒருவரைச் சங்கத்தில் சேர்த்து, மாடி அறையின் சாவியைக் கொடுப்பார்கள். அந்த அறையின் வடக்குச் சுவர் முழுக்க ஜன்னல். சாவி வைத்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் போய் வரையலாம். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம்.

"தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்று கேட்டாள் அத்தை.

"உள்பக்கம்."

"அப்ப எனக்கு அது வேணும்."

விசாரிக்கப் போனபோது சங்கத்தின் தலைவி வெளியே வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தவர், பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. அத்தை எங்கே படித்தாள் என்று அவருடைய மொழியில் கேட்டார். அழுத்தக்காரி அதைச் சொன்னாள்.

"கதவுலயும் பானெட்டுலயும் படிச்சேன்னு சொல்லு. எங்கண்ணன் தூசி பெயின்ட்டைப் படிக்கணக்கா முழுங்கிப் படிச்சேன்னு சொல்லு. இவங்க எங்க படிச்சாங்கன்னு நான் கேட்டேனா?"

அழுத்தக்காரி தலைவியிடம், "வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டார், உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று சொன்னாள். தலைவி புன்னகைத்தார்.

படி இறங்கும்போது அத்தை நின்றாள். "நான் அவ்வளவு நீளம் பேசினேன். நீ இத்துனூண்டு சொன்ன. அந்தம்மா வேற சிரிக்குது. நான் சிரிக்கிற மாதிரியா பேசினேன்?"

ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. படம் முழுக்க ஒருவர் கையால் ஆனதாக இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் அத்தை சிரித்துவிட்டாள். "என் வேலைக்குப் பங்கு கேட்டு யாரு வரப்போறா?"

டேலியாப் பூக்களை அவள் அந்தப் படத்துக்காகவே வாங்கினாள், கழித்துப்போட்டதை அல்ல. அடர்சிவப்பில் பெரிய பூக்கள், ஓரம் வெளுத்த சில, பக்கத்தில் ஒன்று தலை கவிழ்ந்திருந்தது. தின்னர் டப்பாவின் துருவைக்கூட விடவில்லை. துருவுக்குச் செங்காவியும் நீலமும் மாற்றி மாற்றி வைத்தாள். பூவின் மடிப்புகளில் கறுப்பே இல்லை, ஊதாவும் பச்சையும் வைத்தே ஆழம் காட்டினாள். பெயின்ட்டைக் கெட்டியாக எடுத்து வைத்ததால் ஒவ்வொரு இதழும் தகட்டிலிருந்து வரப்பு மாதிரி எழும்பி நின்றது. பூக்கள் வாடி டப்பாவுக்குள் உதிர ஆரம்பித்த அன்று படமும் முடிந்தது. அழுத்தக்காரி கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று பார்த்தாள். அங்கே நிற்பதற்குக் கூச்சமாக இருந்தது. அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், இவள் பார்க்கிறாள் என்று தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

படத்தைக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் வெளியூரில் ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு உடம்பு மோசமாகி, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தை போனாள். படம் கதவுகளோடு கதவாகச் சாய்ந்திருந்தது.

கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் அத்தை வந்து இறங்கினாள். வீட்டுக்குள் நுழையவே இல்லை, நேராகப் பட்டறைக்குப் போனாள். பின்னாலேயே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அழுத்தக்காரி, அப்பா வாசலிலேயே காத்திருந்ததைப் பார்த்தாள். துவைத்த சட்டை போட்டிருந்தார். முகத்தில் பெருமை வழிந்தது.

"வா, வா. இப்ப கிட்ட வந்து பாரு," என்றார்.

படத்தை வேலை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, மேலே மெல்லிய துணி போர்த்தியிருந்தார். துணியை எடுத்தார்.

வண்டிக்கு அடிக்கிற கிளியர், அதாவது நிறமில்லாத பளபளப்பு, அதைப் படத்தின்மேல் கனமாக அடித்திருந்தார். காயவைத்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்திருந்தார். திரும்ப அடித்து, திரும்பத் தேய்த்து, கடைசியில் கம்பவுண்ட் பசை போட்டுப் பாலிஷ் ஏற்றியிருந்தார். இதழ்களின் வரப்புகள் எல்லாம் மட்டமாகிவிட்டன. வரப்பின் தலை சீவப்பட்ட இடங்களில் அடிநிறங்கள் வளையம் வளையமாகத் தெரிந்தன. அதற்கெல்லாம் மேலே, ஆழமான தண்ணீர் மாதிரி ஒரு பளபளப்பு. எட்டிப் பார்த்த அத்தையின் முகம் டேலியாவுக்கு நடுவில் தெரிந்தது.

"ஒரு வாரமா வேற வண்டியைத் தொடல," என்றார் அப்பா. "நாலு பேர் பாக்கிற இடத்துக்குப் போகுது. நம்ம பட்டறை வேலை மேடும் பள்ளமுமா போய் நின்னா நல்லாருக்குமா?"

அம்மாவும் வந்து சேர்ந்திருந்தாள். "சாப்பிடக்கூட வரல, உங்கண்ணன். நான் கொண்டுபோய் ஊட்டாத குறைதான்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். கதவைச் சோதிக்கும்போது செய்வதுபோல உள்ளங்கையைப் படத்தின்மேல் வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தாள். கை எங்கேயும் தட்டவில்லை.

"அலையே இல்ல," என்றாள். "நல்லா தேச்சிருக்க."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பின்ன?"

"யார் கேட்டா உன்னை?"

"என்னடி இது? நல்லது பண்ணா..."

"யார் கேட்டா உன்னை? அண்ணே, நீ வயித்தெரிச்சல்ல இதைச் சுத்தியால அடிச்சு நசுக்கியிருந்தீன்னா, நான் தட்டி நிமித்தியிருப்பேன். எனக்கு அந்த வேலை தெரியும். பாசத்துல பண்ணிட்டியே. இதை நான் எப்படி நிமித்துறது?"

"பாத்தியா? பாத்தியா அவ வாயை? ஒரு வாரம் தோள் கழண்டு போச்சு எனக்கு!"

"என் தோள் வருஷக்கணக்கா கழண்டுகிட்டு இருக்கு. உன் பேருக்கு."

"சோறு போட்டது தப்பாப் போச்சு."

"சொல்லிட்டல்ல? இதுக்காகத்தான் இத்தனை நாளா வாய்ல போட்டு மென்னுகிட்டு இருந்த. இப்ப நிம்மதியா?"

அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று, "தெருவே பாக்குது" என்றாள். உண்மைதான். எதிர்ப் பட்டறைக்காரர் கையிலிருந்த ஸ்பானரைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடுமை என்னவென்றால், படம் அழகாக இருந்தது. அழுத்தக்காரிக்கு அது தெரிந்தது. கம்ப்ரஸர் பக்கத்திலிருந்து பார்த்த அந்தப் பூக்கள் இல்லை இவை. அவை காற்றில் ஆடின, இவை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தவை. ஆனாலும் அழகுதான். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, அழுத்தக்காரி அல்லவா.

வேறு படம் வரைய நாளில்லை, டேலியாவும் இல்லை. அத்தை கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்துவிட்டு, "பூ என்னுதுதானே, குடுத்துடலாம்" என்றாள். யாருக்குச் சமாதானம் சொன்னாள் என்று தெரியவில்லை. மறுநாள் அப்பாவும் கிளம்பினார். பழைய போர்வையில் சுற்றிய படத்தை அத்தை தூக்கப் போனபோது, "நீ பிடிச்சா கீறல் விழும்" என்று பிடுங்கிக்கொண்டார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், யாரையும் பக்கத்தில் உரச விடவில்லை. அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஒரு மாதத்தில் அத்தை நூலகத்துப் பக்கமே போகவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனார். கூடப் போன அழுத்தக்காரி பார்த்தாள்: வருகிறவர்கள் மற்றப் படங்களுக்கு முன்னால் வந்தால் பின்னால் தள்ளி நின்று பார்த்தார்கள், இதற்கு மட்டும் மூக்கு உரசக் கிட்டே போனார்கள். ஒரு பெண் டேலியாவில் பார்த்து நெற்றி முடியைச் சரி செய்துகொண்டாள். யாராவது விரலால் தொட்டுவிட்டுப் போனால் அப்பா சட்டைப்பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்து, வாயால் ஊதித் துடைத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்காருவார்.

கடைசி நாள், சாவி கொடுக்கிற நாள். அன்று அத்தை வந்தாள். பட்டித்தூள் இல்லாத தலை அவளுக்கே அந்நியமாக இருந்ததுபோல், அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்பா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் காரணம் இல்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். தலைவி மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று அத்தையைத்தான் கூப்பிட்டார்.

அத்தை போனாள், பக்கத்தில் அழுத்தக்காரி. படத்தைச் சுவரிலிருந்து எடுத்து மேசைமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு சின்ன வளையத்தில் சாவி. தலைவி படத்தைப் பற்றிப் பேசினார். இப்படி ஒரு மேற்பரப்பைத் தான் பார்த்ததே இல்லை என்றார். நிறங்கள் நீருக்கடியில் படுத்திருப்பதுபோல் இருக்கின்றன, இந்த வழவழப்புதான் படத்தின் உயிர் என்றார். சொல்லிக்கொண்டே விரல்களால் அதைத் தடவினார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அத்தை.

"பூ ரொம்ப நல்லாருக்காம், அத்தை."

"அந்தம்மா கை எதைத் தடவுதுன்னு எனக்குத் தெரியாதா? சரியாச் சொல்லு."

அழுத்தக்காரி சரியாகச் சொன்னாள். பிறகு தலைவி சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். அழுத்தக்காரி மொழிபெயர்த்தாள்: "இது முழுக்க உங்க கையால பண்ணதுதானேன்னு கேக்குறாங்க."

சாவி அத்தைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அதற்கு எந்த மொழியும் தேவையில்லை. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "வாங்கிக்கோ, வாங்கிக்கோ" என்று கையால் காட்டினார், கேட்காமல் கொடுக்கிற அதே கையால்.

அந்த வருடம் சாவி, படகுகள் வரைந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குப் போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா கத்தினார். தன்மேல் உள்ள கோபத்துக்காகவே அவள் கைக்கு வந்ததைத் தட்டிவிட்டாள் என்றார், நாலு பேர் முன்னால் தன்னை ஏமாற்றுக்காரன் ஆக்கிவிட்டாள் என்றார். அந்த வாரமே அத்தை பட்டித் தகட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அதன் மாடியிலேயே ஒரு அறையும் எடுத்துக்கொண்டாள். இன்றுவரை இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவின் கறுப்பு வண்டிகளில் இப்போதெல்லாம் அலை தெரிகிறது. அத்தை இரண்டு முறை திரும்பவும் படம் கொடுத்தாள். மாட்டினார்கள், சாவி தரவில்லை. எதிர்ப் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து வரைகிறாள். நடுவில் ஒரு தெரு அகலம். அந்தப் பூக்களைப் பார்ப்பதற்குச் சரியான தூரம் அதுதான். அப்பா தன் பட்டறை முன்னால் தார்ப்பாய் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். காற்றடித்தால் அது விலகுகிறது. கயிற்றை அவர் வேண்டுமென்றேதான் இறுக்கவில்லை என்பாள் அம்மா. அம்மா எதையும் சொல்வாள்.

அதெல்லாம் பிறகு. அன்று அந்த மேசைக்கு முன்னால், சாவியும் தலைவியின் கையும் காத்துக்கொண்டிருந்தபோது, அத்தை அழுத்தக்காரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் என்ன நினைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அத்தைக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு மொழியில் ஒரே ஒரு 'ஆமாம்' சொல்லிவிட்டால் அறை கிடைத்துவிடும், சொன்னது என்னவென்று வீட்டில் யாருக்கும் புரியப்போவதில்லை.

"இந்த ஒரு தடவை தேய்க்காம சொல்லுடி," என்றாள் அத்தை. "பூ என்னுது. வழவழப்பு எங்கண்ணனோடது. ரெண்டையும் கலந்துடாத, தனித்தனியா வெச்சுச் சொல்லு."